விழும் கட்டையா, வைக்கும் கட்டையா?

கட்டை அடுக்கும் வீடியோ கேமான டெட்ரிஸில் கைதேர்ந்தவர்கள், அதே வகையைச் சேர்ந்த பிளாக் பிளாஸ்டில் சொதப்புவதுண்டு. நானும் அந்தக் கூட்டம்தான். இரண்டிலும் வரிசையை நிரப்பி அழிப்பதே வேலை. கவிழ்க்கும் விதம்தான் வேறு.

1984-ல் மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் உருவாக்கிய டெட்ரிஸில் கட்டை விழுந்துகொண்டே இருக்கும்; நேரம்தான் எதிரி. 10 கட்ட அகலம், 20 கட்ட உயரம், ஏழே வடிவங்கள். புதிய பதிப்புகளில் ஏழையும் பையில் போட்டுக் குலுக்கி ஒவ்வொன்றாக எடுப்பதுபோல் வரும். அதனால் நான்கு கட்டம் நேராக நீளும் ஒரு நீளக் கட்டைக்கும் அடுத்த நீளக் கட்டைக்கும் நடுவே 12-க்கு மேல் வேறு கட்டை வராது. ஓரத்தில் ஒரு பத்தியைக் காலியாக விட்டு நீளக் கட்டைக்குக் காத்திருப்பது அங்கே கணக்கு. பை முறை இல்லாத பழைய நிண்டெண்டோ பதிப்பில் சூதாட்டம். ஆனால் கூலி பெரிது: தொடக்க நிலையில் ஒரு வரிசைக்கு 40 புள்ளி, நான்கைச் சேர்த்து அழித்தால் 1200.

2014-ல் வந்த 1010! என்ற விளையாட்டு நேரத்தையே தூக்கிப் போட்டுவிட்டது. 10-க்கு 10 பலகை, கையில் மூன்று கட்டைகள். எங்கும் வைக்கலாம், திருப்ப முடியாது. கிடைவரிசையும் அழியும், நெடுவரிசையும் அழியும்; எதுவும் கீழே சரியாது. அவசரத்தில் விட்ட ஓட்டை அங்கேயே நின்று முறைக்கும்.

பிளாக் பிளாஸ்டிலும் ஏறக்குறைய அதே விதிதான், பலகை மட்டும் 8-க்கு 8. இரண்டு கட்டம்தானே குறைவு? 3-க்கு 3 சதுரக் கட்டையை வைத்துப் பாருங்கள். காலியான 1010! பலகையில் ஒன்பது அடங்கும், இங்கே நாலுதான். 1010!-ல் ஒரு மூலையை அந்தச் சதுரத்துக்கென ஒதுக்கிவிட்டு மீதி இடத்தில் நிம்மதியாக ஆடலாம். இங்கே அந்த ஒதுக்கீடே பலகையில் ஏழில் ஒரு பங்கைத் தின்றுவிடும். ஆகவே மூன்று கட்டைகளையும் சேர்த்துப் பார்த்து, முதலில் வரிசையை அழிப்பது எது, அப்படித் திறக்கும் இடத்தில் உட்காருவது எது என்று முடிவுசெய்த பிறகே கை வைக்க வேண்டும்.

இதே வகையில் இன்னொரு விளையாட்டான வுடோகுவின் பலகை 9-க்கு 9. சுடோகுபோல் 3-க்கு 3 பெட்டி நிரம்பினாலும் அழியும். தப்பிக்க மூன்றாவது வழி இருப்பதால் கொஞ்சம் சாது.

நிதானமாக யோசிக்க என் ஓட்டு 1010!-க்கு. ஆனாலும் கை போவது பிளாக் பிளாஸ்டுக்குத்தான். தொடர்ந்து அழித்தால் புள்ளி பெருகும் என்ற ஆசையில் ஒதுக்கி வைத்த இடத்தையும் நிரப்புவேன். அடுத்து வருவது அந்தச் சதுரம்.