எயார்ஃபிக்ஸ் ஜெற் புறொவோஸ்ற் (1/72): இலங்கைச் சின்னத்தோடு கட்ட நினைப்பவர்களுக்கு

பிளாஸ்ரிக் விமான மொடல் கட்டுபவர்கள் இலங்கை விமானப்படையின் பழைய விமானம் ஒன்றைச் செய்ய நினைத்தால், முதலில் கையில் எடுக்கவேண்டியது எயார்ஃபிக்ஸ் நிறுவனத்தின் 1/72 அளவு (உண்மை விமானத்தின் 72இல் ஒரு பங்கு) ஜெற் புறொவோஸ்ற் பயிற்சி விமானப் பெட்டிதான். வடிவம் சரி, பாகங்கள் பொருந்துகின்றன, புதிதாகத் தொடங்குபவரும் முடிக்கலாம். ஆனால் பெட்டிக்குள் இருப்பது பிரித்தானிய விமானப்படையின் விமானம். அதை இலங்கையினதாக மாற்றும் வேலை முழுக்க உங்களுடையது. யாழ்ப்பாணத்துக் காற்றும் கிணற்றுத் தண்ணீரும் அந்த வேலையில் குறுக்கே நிற்கும்.

இலங்கை விமானப்படை 1951 மார்ச்சில் 'றோயல் சிலோன் எயார் ஃபோர்ஸ்' என்ற பெயரில் தொடங்கியது. முதல் தளபதி பிரித்தானிய அதிகாரி பிளேடன். முதல் விமானம் சிப்மங்க் என்ற பயிற்சி விமானம். 1959இல் வம்பயர் ஜெற்கள் வந்தன, ஆனால் சேவையில் ஈடுபடுத்தப்படவில்லை. அவற்றின் இடத்துக்கு வந்தவைதான் ஜெற் புறொவோஸ்ற். பிரித்தானியா பாவித்த ரி.3 வகையில் இயந்திரத் துப்பாக்கிகளைப் பொருத்தி ஏற்றுமதிக்கென்று செய்தது ரி.51. இலங்கை, சூடான், குவைத் மூன்று நாடுகளுக்கும் சேர்த்துக் கட்டப்பட்டவை 22தான். பின்னர் இலங்கையில் இருந்தவை திருகோணமலைச் சீனக்குடாவில் களஞ்சியத்தில் கிடந்தன. 1971 ஏப்ரலில் ஜே.வி.பி. கிளர்ச்சி வெடித்தபோது அவசரமாகத் தூசு தட்டி, றொக்கற் பூட்டிப் பறக்கவிட்டார்கள். அதே ஆண்டில் சோவியத்திடமிருந்து மிக் 17 வந்ததும் இவற்றின் முக்கியத்துவம் போய்விட்டது.

ஆகவே வாங்கவேண்டியது ரி.3 என்று எழுதிய பெட்டி. அது கிடைக்காவிட்டால் ரி.4 பெட்டியும் உதவும். இயந்திரம்தான் வலுக் கூடியது, இந்த அளவில் வெளித்தோற்ற வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. 'ஸ்ரைக்மாஸ்ரர்' என்ற பெயரைக் கண்டு ஏமாறவேண்டாம். அது பின்னால் வந்த ரி.5இன் வழி, மூக்கும் கண்ணாடி மூடியும் வேறு. அதை வெட்டி ஒட்டி ரி.51 ஆக்குவதைவிடச் சும்மா இருக்கலாம்.

பெட்டி பெரும்பாலும் கொழும்பிலிருந்தோ வெளிநாட்டுச் சொந்தங்களின் பயணப்பெட்டியிலோதான் வந்து சேரும். கனடாவிலோ லண்டனிலோ இருப்பவரிடம் சொல்லும்போது, எனாமல் பெயின்ற், தின்னர், ஸ்பிறே ரின் எதையும் கேட்காதீர்கள். தீப்பற்றும் சாமான் என்று விமானத்தில் ஏற்றவிடமாட்டார்கள். தண்ணீரில் கரையும் அக்றிலிக் சாயத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. 0.5 மில்லிமீற்றர் துளைப்பூசி, கைத்துளைப்பான், சின்ன அரம் ஆகியவற்றை வெளியே தேடவே தேவையில்லை; நகைத்தொழில் செய்பவர்கள் பாவிக்கும் சாமான்களே இதற்கும் போதும்.

கட்டி முடித்தால் நீளம் 13½ சென்ரிமீற்றருக்குக் கொஞ்சம் மேலே, சிறகு முனைக்கு முனை ஏறக்குறைய 15½. உள்ளங்கையில் அடங்கிவிடும். முதலில் பாகங்கள் ஒட்டியிருக்கும் பிளாஸ்ரிக் சட்டங்களைப் பாத்திரம் கழுவும் திரவத்தில் கழுவி நிழலில் காயவிடுங்கள். அச்சு எண்ணெய் ஒட்டியிருந்தால் பெயின்ற் பிறகு உரியும். சீற் கூரைக்குக் கீழே மதிய வெயில் படும் இடத்தில் வைத்தால் மெல்லிய பாகங்கள் வளைந்துவிடும்.

இரண்டு கதிரைகளும் அருகருகே இருப்பதாலும் கண்ணாடி மூடி அகலம் என்பதாலும் உள்ளே செய்யும் வேலை முழுவதும் வெளியே தெரியும். கதிரைப் பட்டிகளைச் சிகரெற் பெட்டியின் உள்தாளை வெட்டி ஒட்டினாலே வித்தியாசம் காணலாம். பசைக்கு முன் உட்பக்கம் முழுவதையும் பெயின்ற் செய்து முடியுங்கள்.

அடுத்தது மூக்குப் பாரம். இந்த விமானம் மூக்குச் சில்லு ஒன்றும் சிறகுச் சில்லு இரண்டுமாக நிற்பது. உள்ளே வெறுமையாக விட்டால் வால் நிலத்தில் குந்திவிடும். உடற்பகுதி, சிறகு, வால் மூன்றையும் ஒட்டுநாடாவால் தற்காலிகமாகச் சேர்த்து, பிரதான சில்லு வரும் இடத்தில் இரண்டு விரலில் தாங்கிப் பாருங்கள். மூக்குப் பக்கம் சரியும்வரை பாரம் வைக்கவேண்டும்; 4–5 கிராம் அளவில் தொடங்கலாம். குருநகரிலோ பாசையூரிலோ வலைச் சாமான் விற்கும் இடங்களில் கிடைக்கும் சின்ன ஈயக்குண்டுகளே போதும், சுத்தியலால் தட்டி இடத்துக்கேற்ப நசுக்கலாம். அதை வெள்ளைப் பசையால் மட்டும் ஒட்டிவிடாதீர்கள். அந்தப் பசையின் அமிலமும் காற்றின் ஈரமும் சேர்ந்து ஈயத்தை வெண்பொடியாக அரிக்கும். பொடி பருத்துப் பருத்து, சில வருடங்களில் மூக்கின் ஒட்டை உள்ளிருந்தே பிளக்கும். எங்கள் கடற்கரை ஈரத்தில் இது இன்னும் விரைவாக நடக்கும். எப்பொக்சிப் பசைதான் சரி.

உடற்பகுதி ஒட்டு, சிறகு பொருந்தும் அடி இரண்டிலும் சிறிது புட்டி தேவைப்படலாம். பிளாஸ்ரிக் மென்மையானது, அதனால் 400ஆம் இலக்க மண்தாள் வேண்டாம். 800இல் தொடங்கித் தண்ணீர் தொட்டுத் தேயுங்கள். விமானத் தகடுகளின் இணைப்பைக் காட்டும் கோடுகள் இந்த அளவுக்குக் கொஞ்சம் ஆழம்தான். கறுப்புச் சாயத்தைக் கோடுகளில் ஓடவிட்டு அழுத்திக் காட்டும் பழக்கத்தை இதில் கைவிடுங்கள், வெள்ளி நிறத்தில் அது அவலட்சணம். துப்பாக்கித் துளைகள் பெட்டியில் இராது, ஏனென்றால் ரி.3 ஆயுதம் இல்லாத பயிற்சி விமானம். பழைய ரி.51 புகைப்படம் ஒன்றை முன்னால் வைத்து, இயந்திரத்துக்குக் காற்று போகும் வாய்களின் பக்கத்தில் இடத்தை உறுதிப்படுத்திய பிறகே துளைப்பானை எடுக்கவேண்டும். இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒரே உயரத்தில் வரவேண்டும். அதற்கு ஒட்டுநாடாத் துண்டில் அடையாளம் இட்டுத் துளையிடுங்கள்.

பெயின்ற் வேலைக்குக் காலம் பார்க்கவேண்டும். வைகாசியிலிருந்து வீசும் சோளகக் காற்று புழுதியை அள்ளிக்கொண்டு வரும், ஈரப் பெயின்ற்றில் அது அப்படியே இருந்துவிடும். மாரியிலோ வேறு சிக்கல். ஸ்பிறே ரின்னில் உள்ள கரைப்பான் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்கிறது, காற்றின் ஈரம் அங்கே படிந்து வெண்படலமாக நிற்கிறது. மழைநாளில் வார்னிஷ் அடித்து மொடல் பால்நிறமாகப் போவது இதனால்தான். தை பிற்பகுதியிலிருந்து பங்குனிவரை, காலை பத்து மணிக்குப் பிறகு, காற்றில்லாத அறையில் அடிப்பது நல்லது. சித்திரை வெயிலில் அக்றிலிக் சாயம் தூரிகையிலேயே காய்ந்து இழுபடும். காய்வதைத் தாமதிக்கும் திரவம் ஒரு துளி சேர்த்தால் சமாளிக்கலாம்.

வெள்ளி நிறம் என்றதும் பளபளக்கும் குறோம் ஸ்பிறேயைத் தேடுவது வழக்கமான பிழை. அக்காலப் பயிற்சி விமானங்களின் வெள்ளி, அலுமினியப் பெயின்ற், கண்ணாடிபோல் மின்னாது. ஹம்ப்றோல் நிறுவனச் சாயத்தில் 56ஆம் இலக்கம் அதற்கு நெருக்கம், 11ஆம் இலக்கம் சற்றுப் பிரகாசம் கூடியது. மோட்டார் சைக்கிளுக்கு அடிக்கும் வெள்ளி ஸ்பிறேதான் கிடைக்கிறது என்றால், அதன் கரைப்பான் வெறும் பிளாஸ்ரிக்கை உருக்கிச் சுருக்கும் என்பதை மறக்கவேண்டாம். முதலில் சாம்பல் பிறைமர் (அடிப்பூச்சு) அடித்து ஒரு நாள் விடுங்கள். பிறகு 20–25 சென்ரிமீற்றர் தள்ளி நின்று, நனையாத அளவுக்குத் தூவலாக மூன்று நான்கு தடவை. பிறைமரில் தெரியாத கீறல்கூட வெள்ளியில் தெரிந்துவிடும், ஆகவே தேய்ப்பு வேலையில் சோம்பல் உதவாது.

இனி டெக்கல், அதாவது தண்ணீரில் ஊறவைத்து வழுக்கி ஒட்டும் சின்னங்கள். இலங்கைச் சின்னம் பெட்டியில் இல்லை, நீங்களே அச்சிடவேண்டும். ஒளி ஊடுருவும் டெக்கல் தாளில் இன்க்ஜெற்றில் அடித்தால், வெள்ளியின் மேல் மஞ்சளும் வெளிர்நிறங்களும் அழுக்காகி மறையும். அச்சுப்பொறியில் வெள்ளை மை இல்லை என்பதும் தெரிந்ததே. வெள்ளைத் தாளில் அடித்து ஓரத்தை ஒட்ட வெட்டுங்கள். வெட்டிய விளிம்பில் வெள்ளை தெரிந்தால் தூரிகை நுனியால் மூடலாம். தண்ணீரில் போடமுன் தெளிவான வார்னிஷ் மூன்று மெல்லிய பூச்சு அவசியம். இல்லாவிட்டால் மை கரைந்தோடும். விமானத்தின் மேற்பரப்பும் வழுவழுப்பாக இருக்கவேண்டும், சொரசொரப்பில் காற்று சிக்கிச் சின்னத்தின் கீழே சாம்பல் பூத்ததுபோல் நிற்கும்.

எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லில் ஊறி வருவது; கேத்திலின் அடியைப் பார்த்தாலே தெரியும். அதில் டெக்கலை ஊறவைத்தால் காய்ந்த பிறகு ஓரமெல்லாம் வெள்ளை வளையம் நிற்கும். மழைத் தண்ணீரோ, பற்றரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த தண்ணீரோ பாவியுங்கள். ஏற்கெனவே வளையம் விழுந்திருந்தால், வினாகிரியைத் தண்ணீரில் கலந்து பஞ்சுக் குச்சியால் மெதுவாக ஒற்றலாம். அழுத்தித் தேய்க்கக்கூடாது.

கண்ணாடி மூடிக்குச் சுப்பர் குளூ கிட்டவும் வரக்கூடாது. அதன் ஆவி உட்பக்கம் புகைபோல் படிந்தால் திரும்ப எடுக்கமுடியாது. வெள்ளைப் பசைக்கு இதுதான் சரியான இடம்.

சிறகுக்குக் கீழே றொக்கற் வைப்பதா என்பது உங்கள் விருப்பம். 1971இன் நிலையைக் காட்ட நினைத்தால் றொக்கற்றையும் தாங்கியையும் வேறு பெட்டியிலிருந்து எடுக்கவேண்டும். வெறும் சிறகோடு அறுபதுகளின் பயிற்சி விமானமாக விடுவதே வேலையும் குறைவு, பார்வைக்கும் நேர்த்தி. இதே படையின் பிற்கால விமானங்களும் பெட்டிகளில் கிடைக்கின்றன. போர்க்காலத்தில் குண்டுவீசிய புக்காரா, கிபிர் விமானங்களைச் சத்தத்தை வைத்தே பிரித்தறிந்த ஊர் இது. அவற்றை வாங்கி ஒட்டி அலுமாரியில் வைக்க இங்கே பலருக்கு மனம் வராது. அது நியாயமும்தான். அந்தப் பெட்டிகளின் தரத்தை இங்கே எடைபோடவில்லை.