எறும்பு ஜெல்: 11 நாள் கதை

அம்மாபேட்டையில் எங்கள் வீட்டு வெல்ல டப்பா இருக்கும் இடம் எனக்கு முன்னால் எறும்புக்குத் தெரியும். மாம்பழ சீசனில் கேட்கவே வேண்டாம். முதலில் ஸ்ப்ரே அடித்தேன். இரண்டே நாளில் சுவிட்ச் போர்டு, ஜன்னல், அரிசி டிரம் என்று மூன்று இடத்தில் புது வரிசை. இந்த மஞ்சள் சிற்றெறும்புக்குக் கூட்டில் பல ராணிகள். ஆபத்து வந்தால் கூட்டம் பிரிந்து தனிக்குடித்தனம் போய்விடும்.

அப்புறம்தான் செவ்வாய்ப்பேட்டையில் இந்த ஜெல் வாங்கினேன். மிளகு அளவில் 4 பொட்டு. அரை மணியில் வட்டமாக நின்று குடித்தன, வயிறு உப்பிப் பளபளத்தது. குடித்ததைக் கூட்டுக்குக் கொண்டுபோய் வாயோடு வாய் வைத்து மற்ற எறும்புகளுக்கும் புழுப் பருவத்தில் இருக்கும் குஞ்சுகளுக்கும் ஊட்டும். ராணிக்கும் போய்ச் சேரும். அதனால்தான் மருந்து மெதுவாகக் கொல்கிறது. உடனே கொன்றால் வழியிலேயே செத்துவிடும், ராணி தப்பிவிடும்.

முதல் மூன்று நாள் வரிசை கூடியது. “காசு குடுத்து எறும்புக்கு விருந்து வெக்கிறயா?” என்றார் அம்மா. 11ஆம் நாள் ஒன்றுகூட இல்லை.

குறை என்றால் மூடிதான். முனை காய்ந்து அடைத்துக்கொள்கிறது, குண்டூசி தேவை. மற்றபடி சரி, இப்போது தட்டுவடை செட்டை மேசையில் வைத்துவிட்டு போன் பேச முடிகிறது.