பாதி விலை டிக்கெட்டை நம்பி ஜோகூர் போனோம்

ஜூன் விடுமுறைக்கு மலேசியாவின் ஜோகூரில் இருக்கும் லெகோலேண்ட் கேளிக்கைப் பூங்காவுக்குப் போகவேண்டும் என்று மகள் மார்ச்சிலிருந்தே நச்சரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ரைடுகள் முக்கியமில்லை, அங்குள்ள மினிலேண்ட் பகுதிதான். ஆசியாவின் பெயர்பெற்ற கட்டடங்களை இருபதில் ஒரு பங்கு அளவில், 3 கோடிக்கும் மேற்பட்ட லெகோ கட்டிகளால் செய்து வைத்திருக்கிறார்கள். பித்தானை அழுத்தினால் சில பொம்மைகள் அசையும். அந்தப் பித்தானுக்காகத்தான் இவ்வளவு அடம்.

நான் இருக்கும் ஒரு டெலிகிராம் குழுவில், நம்ம சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்பங்கள் நிறையப் பேர் உள்ள குழு, ஒருவர் விளம்பரம் போட்டிருந்தார். நான்கு பேருக்கு லெகோலேண்ட் டிக்கெட் 160 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). வாசலில் வாங்கினால் இதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. கேட்டேன். "கார்ப்பரேட் டிக்கெட் அண்ணே, மிச்சம் இருக்கு, கவலையே படாதீங்க" என்று தமிழிலேயே பதில் வந்தது. வேறு மொழியில் எழுதியிருந்தால் இரண்டு முறை யோசித்திருப்பேன். "அண்ணே" என்றதும் விழுந்துவிட்டேன்.

கைப்பேசி எண்ணுக்கே வங்கிப் பணம் அனுப்பும் பேநவ்வில் பணம் அனுப்பும்போது திரையில் வந்தது ஒரு செல்லப்பெயர், மூன்றே எழுத்து. கம்பெனி என்றால் யூஇஎன் என்ற அதன் பதிவு எண்ணுக்கு அனுப்புவோம், கம்பெனி பெயர் வரும். அது தெரிந்தும் "அனுப்பு" பித்தானை அழுத்தினேன். என் மனைவி அப்போதே "யாருங்க இது?" என்று கேட்டார். அதை இன்னும் வாரத்துக்கு ஒரு முறையாவது ஞாபகப்படுத்துகிறார்.

கிளம்புவதற்கு முதல் நாள் இரவு 11 மணிக்கு டிக்கெட் பிடிஎஃப் வந்தது. சிங்கப்பூர்க் கார் எல்லை தாண்ட வேண்டுமானால் முக்கால் டேங்க் பெட்ரோல் கட்டாயம், காலையில் அது இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, துவாஸ் எல்லைச் சாவடி வழியாகப் போனோம். ஜாமைப் பற்றிச் சொல்ல வேண்டாம், எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

வாசலில் கியூஆர் குறியீட்டைக் காட்டினேன். சிவப்பு விளக்கு. மறுபடியும் சிவப்பு. "இந்த டிக்கெட்டில் ஏற்கனவே ஆள் உள்ளே போய்விட்டார்கள்" என்றார் அங்கிருந்த பெண். பொறுமையாகத்தான் விளக்கினார், அவர்மேல் குறையே இல்லை. பக்கத்து வரிசையில் ஒரு தம்பதியும் இதே முகத்தோடு நின்றார்கள், சிங்கப்பூர் ஈசூன் வட்டாரத்துக்காரர்கள். கைப்பேசிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். டிக்கெட் எண்ணின் கடைசி நான்கு இலக்கம் ஒன்றே. ஒரே பிடிஎஃபை எத்தனை பேருக்கு விற்றானோ! குறியீடு வெறும் படம்தானே, முதலில் ஸ்கேன் செய்கிறவர் உள்ளே போய்விடுவார். மற்றவர்கள் வெளியே.

பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துவிட்டு முழு விலைக்கு வாங்கினோம். வெயிலில் மகள் மினிலேண்டில் சிங்கப்பூரின் மெர்லயன் பொம்மைக்கு முன்னால் அரைமணி நேரம் நின்றாள். எனக்கு எதுவும் ஏறவில்லை.

வீடு திரும்பியதும் முதலில் வங்கிக்கு அழைத்தேன், அப்புறம் மோசடி உதவி எண் 1799, அப்புறம் இணையத்தில் காவல்துறைப் புகார். சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தில் 20,000 வெள்ளி வரை கோரலாம் என்று நண்பர் சொன்னார். ஆனால் எதிராளியின் பெயர், முகவரி வேண்டும். என் கையில் இருப்பது மூன்றெழுத்துச் செல்லப்பெயர். பணம் இன்னும் வரவில்லை. அந்த ஆள் என்னை பிளாக் செய்துவிட்டான்.

இதை இப்போது எழுதக் காரணம், நேற்று அதே குழுவில் "டிசம்பர் ஸ்பெஷல், குடும்பத்துக்கு நான்கு டிக்கெட்" என்று ஒரு விளம்பரம். பெயர் வேறு, எண் வேறு. படம் மட்டும் அதேதான், ஓரத்தில் யாரோ ஒருவரின் நீல முழங்கை தெரிகிற அதே படம். குழு நிர்வாகிக்குத் தகவல் சொல்லியிருக்கிறேன். அதற்குள் மூன்று பேர் "விலை என்ன?" என்று கேட்டிருந்தார்கள்.