சுங்கை சிப்புட்டில் கூச்சக் கண்ணாடி: எதை வாங்கலாம், எதை விடலாம்

மோக்ஸிஃப்ளோக்ஸசின் மாத்திரைக்குப் பிறகு வெளிச்சமே ஆகாமல் போன கண்களுக்கான மதிப்புரை இது. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: பக்கவாட்டையும் மூடும் போலரைஸ்டு (பட்டுத் தெறிக்கும் ஒளியை வடிகட்டும்) கண்ணாடி வாங்குங்கள். கடையில் முதலில் எடுத்து வைக்கும் நிறம் மாறும் கண்ணாடியை விட்டுவிடுங்கள்.

நெஞ்சில் கிருமி கண்டவர்களுக்கு நாளுக்கு ஒன்று என எழுதித் தரப்படும் 400 மில்லிகிராம் மாத்திரை அது. வெகு அபூர்வமாக, சில நாளிலோ ஓரிரு வாரத்திலோ, இரண்டு கண்ணும் சேர்ந்து சிவந்து கூசும். ஐரிஸ் எனும் கருவிழிப் படலத்தின் பின்பக்க நிறமி உதிர்ந்து கண்ணுக்குள் மிதக்கும். கண்பாவை விரிந்து கோணிப்போய், வெளிச்சம் பட்டாலும் சரியாகச் சுருங்காது. படலத்தின் வழியே ஒளி கசியும். மருத்துவர்கள் இதை ‘பெய்ட்’ (BAIT) என்கிறார்கள். இஸ்தான்புல்லின் கண் மருத்துவர் இல்க்நுர் துகால்-துத்குன் குழுவினர் 26 நோயாளிகளை வைத்து 2011இல் இதை விவரித்தார்கள். 2006இல் அவர் எழுதிய ‘பாடி’ (BADI) என்ற வகை இதைவிடச் சாது: முன்பக்க நிறம் வெளுக்கும், படலத்தின் வழியே ஒளி கசியாது. மாத்திரையே தொடாமல், சளிக்காய்ச்சலுக்குப் பின் இப்படி ஆனவர்களும் உண்டு. அதனால் பழி முழுவதையும் மருந்தின் மேல் போட முடியாது.

கூச்சம் புதிதாக வந்திருந்தால் கண்ணாடிக் கடைக்கே போகாதீர்கள். உதிர்ந்த நிறமி, கண்ணுக்குள் ஊறும் நீர் வடிகிற சல்லடையை அடைத்துவிடும். 10 முதல் 21 வரை இருக்க வேண்டிய கண் அழுத்தம் 40ஐயும் தாண்டலாம். பார்வை நரம்பு கெட்டபின் எந்தக் கண்ணாடியும் உதவாது. ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனூன் மருத்துவமனை போன்ற, கண் பிரிவு உள்ள இடத்துக்குப் போங்கள். மாத்திரை அட்டையையும் கையோடு கொண்டு போங்கள். வைரஸ் அழற்சி என்று நினைத்து வேறு வைத்தியம் நடப்பதுதான் இந்த நோயில் வழக்கமான தவறு.

அழுத்தம் அடங்கிய பிறகும் கூச்சம் நிற்கலாம். அப்போதுதான் கடைக்கு வேலை.

நிறம் மாறும் கண்ணாடி இந்த ஊருக்கு ஏன் ஒத்துவராது? அது கறுப்பதற்குப் புறஊதாக் கதிர் வேண்டும். வெப்பம் ஏற ஏறக் கறுப்பு குறையும். நண்பகல் செம்பனைக் காட்டில், மிகத் தேவையான நேரத்தில், அரைகுறையாகத்தான் கறுக்கும். காருக்குள் முன்கண்ணாடி புறஊதாவைத் தடுப்பதால் சாதாரண வகை ஏறக்குறைய வெள்ளையாகவே இருக்கும். வெயிலிலிருந்து மளிகைக் கடைக்குள் நுழைந்தாலோ, தெளிய சில நிமிடம் பிடிக்கும். அந்த விலைக்கு இது நியாயமில்லை.

போலரைஸ்டில் கறுப்பின் அளவு 3ஆம் தரம் கேளுங்கள். 8 முதல் 18 சதவீத ஒளியை விடும். ‘இன்னும் கறுப்பா குடுங்க’ என்று 4ஆம் தரம் வாங்கினால் வண்டி ஓட்டக் கூடாது. கறுப்பைவிட முக்கியம் சட்டம் முகத்தில் உட்காரும் விதம். முகம் பார்க்கும் கண்ணாடி முன் நின்று, நெற்றிக்கும் சட்டத்துக்கும் நடுவில் விரல் நுழைகிறதா பாருங்கள்; நுழைந்தால் மேலிருந்து வெயில் இறங்கும். அண்ணாந்து குலை பார்த்து வெட்டுகிறவருக்கு அந்த இடைவெளிதான் எமன். கண்ணாடி எளிதில் உடையாத பாலிகார்பனேட் பிளாஸ்டிக்காக இருக்கட்டும், தூசியும் சிராயும் விழுகிற வேலை அது. ஒரு குறை உண்டு: போலரைஸ்டு வழியே கைப்பேசித் திரை சில கோணங்களில் இருண்டுவிடும், ஹெல்மெட் முகமூடியில் வானவில் கோடுகள் தெரியலாம்.

பவர் கண்ணாடி போடுபவர்கள் அதன் மேலேயே மாட்டும் பெரிய உறைக் கண்ணாடியை எடுக்கலாம். அசிங்கமாக இருக்கும், ஆனால் வேலை செய்யும். அதற்கு முன் பவரை மறுபடி பார்த்துவிடுங்கள். விரிந்த கண்பாவையில் சிறிய பவர் பிழையும் கலங்கலாகத் தெரியும், 0.50ஐக் கடைக்காரர் ‘பரவாயில்லை’ என்று விட்டுவிட்டால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

பாசார் மாலாம் எனும் இரவுச் சந்தையில் 10, 20 வெள்ளிக்கு விற்பதில் போலரைஸ்டு உண்மையா என்று கைப்பேசித் திரை முன் சுழற்றிப் பார்த்துவிடலாம். புறஊதாத் தடுப்பை அப்படிப் பார்க்க முடியாது, அதற்குக் கடையில் மீட்டர் வேண்டும். சுருங்காத கண்பாவைக்கு அந்தத் தடுப்பு இல்லாத கறுப்பு பயனில்லை.

ஐரிஸ் வரைந்த காண்டாக்ட் லென்ஸ்தான் கூச்சத்தை நேரடியாகத் தொடும் தீர்வு: நடுவில் சிறு துளை, சுற்றிலும் ஒளி புகாத வண்ணம். அளவெடுத்துச் செய்ய வேண்டும், அதனால் சின்ன ஊர்க் கடையில் கையிருப்பில் கிடைக்காது. சந்தையில் விற்கும் அழகு லென்ஸ் இதற்கு மாற்றாகாது. உரிமமின்றி விற்பது 1991 ஒளியியல் சட்டப்படி குற்றமும்கூட. குழாய்த் தண்ணீரோ தொட்டித் தண்ணீரோ லென்ஸைத் தொடவே கூடாது. லென்ஸால் கண்ணில் தொற்று வந்தால் மருத்துவர்கள் எழுதும் சொட்டு மருந்துகளில் மோக்ஸிஃப்ளோக்ஸசினும் அதன் இனமும் முன்வரிசையில் இருக்கின்றன. மாத்திரையால் கண் கூசிய பழைய கதையை மருத்துவர் பேனா எடுக்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.