நடையா, சைக்கிளா, டிரெட்மில்லா? உப்புக்காற்று ஊருக்கு ஒரு கணக்கு

சுகர் பார்டரில் நிற்கிறது, தினமும் உடம்பை அசையுங்கள் என்று டாக்டர் சொன்னதிலிருந்து, ராமேஸ்வரத்துக்குப் பக்கத்து ஊரான மண்டபத்தில் எங்கள் வீட்டுக்குள் மூன்று கட்சி. வீட்டுக்காரர் டிரெட்மில் என்றார், மகள் சைக்கிள் என்றாள், நான் நடை. கடைசியில் நடைதான் ஜெயித்தது. எழுதுவதும் நானே என்பதால் இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

பலனைப் பார்த்தால் மூன்றுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்கிற அளவு, வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு. கடுமையாகச் செய்தால் அதில் பாதி நேரம் போதும். பேச முடியும், பாட்டுப் பாட மூச்சு வராது என்கிற வேகம்தான் மிதம். எதில் செய்தாலும் பிரஷர் அடங்கும், தூக்கம் ஒழுங்காகும், மனசு லேசாகும். சுகர்காரர்களுக்கு இன்னொரு லாபமும் உண்டு. வேலை செய்கிற தசை, இன்சுலின் தயவை எதிர்பார்க்காமலே ரத்தத்திலிருந்து குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும். அதனால் சாப்பிட்டபின் பத்துப் பதினைந்து நிமிடம் நடப்பதுகூட வீண் போவதில்லை.

ஆக, எங்கள் வழக்கில் தீர்ப்புச் சொன்னது பராமரிப்புதான். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா, நடுவில் நாங்கள். ஜன்னல் கம்பி, கேட் கொண்டி, ஃபேன் பிளேடு எதையும் உப்பு விட்டுவைப்பதில்லை. மகளுக்குப் பிளஸ் ஒன்னில் கிடைத்த சைக்கிளில் முதலில் செயின் சிவந்தது. அப்புறம் போக்ஸ் கம்பிகள், ரிம்மில் சேருகிற இடத்தில் பூத்துப்போயின. பிரேக் கம்பிதான் பொல்லாதது. உறைக்குள் இருந்தபடியே துருப்பிடித்து, ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் அறுந்துவிடும். சைக்கிள் கடை அண்ணன் சொன்ன வைத்தியம் இது: “வெளியில நிப்பாட்டாதீகம்மா. வாரத்துக்கு ஒருக்கா நல்ல தண்ணில கழுவி, துடைச்சு, செயினுக்கு எண்ணெய் விடுங்க.” வைத்தியம் சரிதான். ஆனால் நல்ல தண்ணீரைக் குடத்துக்குக் காசு கொடுத்து வாங்கும் தெருவில் சைக்கிளைக் குளிப்பாட்ட யாருக்கு மனசு வரும்? போர் தண்ணீரோ உவர். அதில் கழுவினால் உப்பின் மேல் உப்பு. இது போதாதென்று சீமைக்கருவேல முள் வேறு. பஞ்சர் ஒட்டுகிற செலவைத் தனிக்கணக்காக எழுத வேண்டும்.

டிரெட்மில்லுக்கு இதே கதை, கூடுதல் விலையில். தெரிந்த ஒரு வீட்டில் பார்த்தேன். மேலே பளபளப்பு, அடியில் போல்ட்டெல்லாம் காவி நிறம். சர்க்யூட் போர்டு மக்கர் பண்ணினால் பார்க்க மதுரையிலிருந்து ஆள் வர வேண்டுமாம். விற்கலாமென்று வைத்தபோது, வந்தவர் குனிந்து அடிப்பக்கத்தைப் பார்த்துவிட்டுப் பாதி விலை கேட்டார். மூடிய ஏசி அறையில் வைத்தால் கூடுதலாக உழைக்கலாம், அப்படி வைத்திருப்பவர் யாரும் எனக்குப் பழக்கமில்லை. ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்: ஐப்பசி, கார்த்திகை மழையிலும், இருட்டில் வெளியே போகத் தயங்கும் பெண்களுக்கும் அது உதவும்.

நடைக்குப் பராமரிப்பு என்றால் ஒரு ஜோடி ஷூ. அதிலும் லேஸ் கோக்கும் ஓட்டையில் இரும்பு வளையம் இல்லாததாகப் பாருங்கள், முதலில் துருப்பிடிப்பது அதுதான். மணலை உதறி நிழலில் காயவைத்தால் முடிந்தது. அலை நனைத்து இறுகிய மணலில்தான் நான் நடப்பேன். காய்ந்த பொத மணலில் ஏறக்குறைய இரண்டு மடங்கு சக்தி செலவாகும் என்பது உண்மைதான், ஆனால் புதிதாகத் தொடங்குபவருக்குக் கெண்டைக்கால் கெஞ்சும். சுகர் உள்ளவர்கள் வெறுங்காலோடு இறங்கவே கூடாது. சிப்பி, பாட்டில் சில்லு, முள் குத்தினாலும் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் தெரியாது, புண் ஆறவும் நாளாகும்.

இரண்டு கடல் இருப்பதில் நடக்கிறவருக்குத்தான் ஆதாயம். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் தெற்குக் கரையில் மணல் முகத்தில் அறையும், அப்போது வடக்குக் கரை. வாடை திரும்பினால் நாமும் கரை மாறிக்கொள்ளலாம். சைக்கிள்காரர் எதிர்காற்றில் மிதித்தே ஆக வேண்டும். கரையில் மீன் பிரிக்கும் அக்காமார் மட்டும் விடமாட்டார்கள்: “என்ன, வேகமா நடக்குறீக, சுகரா?”

நடையில் ஒரு குறை உண்டு. வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வலுவேற்றும் பயிற்சி வேண்டும் என்கிறார்கள், அது நடையில் கிடைக்காது. எனக்குக் காவிரித் தண்ணீர் வரும் நாளில் குடம் தூக்குவதில் ஓரளவு கழிகிறது. பதினைந்து லிட்டர் குடம், மாடிப்படி. முழங்காலை மடக்கித் தூக்குங்கள், இடுப்பை வளைத்தல்ல.

நீச்சலைப் பற்றி நான் பேசக் கூடாது. பாம்பன் பக்கம் கடல்பாசி எடுக்க முங்கும் பெண்களைப் பார்த்திருக்கிறேன், நான் இடுப்பளவு ஆழத்தைத் தாண்டியதில்லை. ஜிம்மும் எட்டிப் பார்த்ததோடு சரி.

ஏற்கெனவே முழங்கால் வலி இருந்தால் மட்டும் என் கட்சியை விட்டுவிட்டு, டாக்டரைக் கேட்டு சைக்கிளுக்குப் போங்கள். உடம்பின் பாரத்தை சீட் தாங்கிக்கொள்ளும். அலாய் ரிம் போட்டது வாங்கி, இரவில் வீட்டுக்குள் ஏற்றிவிடுங்கள். கியர் வைத்தது வேண்டாம். பாம்பன் பாலத்தை விட்டால் இந்தப் பக்கம் ஏற்றமே கிடையாது, துருப்பிடிக்க இன்னொரு சாமான்தான் மிச்சம்.