"ஒரே ஊசில குணமாகிடும்"னு ஓடுற குழந்தை நிதி வீடியோ: பணம் போடுறதுக்கு முன்னாடி, ஏஜென்சிகிட்ட கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி இத படிங்க

குழந்தை பேரு, ஏஜென்சி பேரு எதுவும் இதுல இல்ல. நிதி திரட்டித் தர்றோம்னு வந்து எங்கள ஏமாத்துன ஒரு ஏஜென்சி மேல புகார் நடந்துட்டு இருக்கு, வக்கீல் பேரு போட வேணாம்னு சொல்லிட்டாரு. ஆனா அதே ஆளுங்க இன்னைக்கும் வேற குழந்தைங்களோட அப்பா அம்மாவுக்கு மெசேஜ் அனுப்பிட்டு இருக்காங்கன்னு தெரிஞ்சதுக்கு அப்புறம் சும்மா இருக்க முடியல.

என் அக்கா பொண்ணுக்கு எஸ்எம்ஏ, அதாவது ஸ்பைனல் மஸ்குலர் அட்ரோஃபி, டைப் 2. உட்காருவா, ஆனா தானா நிக்கவோ நடக்கவோ முடியாது. எஸ்எம்என் 1னு ஒரு ஜீன், அது வேலை செய்யாததால தசைய இயக்குற நரம்பு செல்லுங்க முதுகுத்தண்டுல கொஞ்சம் கொஞ்சமா செத்துட்டு வரும். சுமாரா 10,000 குழந்தைல ஒரு குழந்தைக்கு வர்ற நோய். புத்திக்கும் இதுக்கும் சம்பந்தம் கிடையாது, இத மனசுல வச்சுக்கங்க. எங்க பாப்பா வாயத் திறந்தா வீட்ல வேற யாரும் பேச முடியாது, அவ்ளோ கேள்வி கேப்பா.

இதுக்கு பெருசா பேசப்படுற மருந்து மூணு. நுசினெர்சன்னு முதுகுத்தண்டுல போடுற ஊசி, அமெரிக்காவுல 2016 டிசம்பர்ல அனுமதி கிடைச்சது, முதல்ல 4 டோஸ், அப்புறம் 4 மாசத்துக்கு ஒரு தடவ போட்டுட்டே இருக்கணும். அடுத்தது சோல்ஜென்ஸ்மா, 2019 மே மாசம் வந்தது, ரத்தத்துல ஒரே ஒரு தடவ ஏத்துறது, அங்க அறிவிச்ச விலை 21 லட்சத்து 25 ஆயிரம் டாலர், உலகத்துலயே விலை அதிகமான மருந்துன்னு நியூஸ்ல எல்லாரும் பாத்தது இதுதான். மூணாவது ரிஸ்டிப்லாம், 2020 ஆகஸ்ட்ல வந்தது, தினமும் வாய் வழியா குடுக்குற சிரப். இந்த மூணுமே நோய் மேல மேல போறத தடுக்குறதுக்குத்தான் முக்கியமா. செத்துப்போன நரம்பு செல்ல எதுவும் திருப்பிக் கொண்டு வராது, அதனாலதான் டாக்டருங்க சீக்கிரம் சீக்கிரம்னு சொல்றாங்க.

எங்க பாப்பாவுக்கு அந்த ஒரே தடவ ஊசி போட முடியாது. பணம் இருந்தாலும் முடியாது. அந்த மருந்துல நல்ல ஜீன உள்ள கொண்டு போறது ஏஏவி 9னு ஒரு வைரஸோட வெறும் கூடு. நம்ம உடம்பு ஏற்கனவே அந்த மாதிரி வைரஸ சந்திச்சிருந்தா ரத்தத்துல அதுக்கு எதிரான ஆன்டிபாடி இருக்கும், அது மருந்த வேலை செய்ய விடாது. இத டெஸ்ட் பண்ணிப் பாத்துட்டுத்தான் போடுவாங்க. பாப்பாவுக்கு ஆன்டிபாடி அதிகமா இருந்துச்சு. டாக்டர் தெளிவா எழுதியே குடுத்துட்டாரு, சிரப்தான்னு. அதாவது எங்களுக்குத் தேவை ஒரே நாள்ல கொட்டுற பெரிய தொகை இல்ல, மாசா மாசம் மருந்து, பிசியோதெரபி, சளிய வெளிய எடுக்க காஃப் அசிஸ்ட் மெஷின், முதுகு வளையாம இருக்க பிரேஸ், நிக்க வைக்கிற ஃப்ரேம், இப்படி வருஷக்கணக்கா நிக்காம வந்துட்டே இருக்குற செலவு.

இத அப்படியே எழுதித்தான் அக்காவும் அத்தானும் ஒரு நிதி திரட்டுற தளத்துல பேஜ் போட்டாங்க. நண்பர்கள், ஆபீஸ், அத்தானோட பழைய காலேஜ் குரூப்னு மெதுவா வந்துச்சு. மெதுவான்னாலும் வந்துச்சு. அப்பதான் ஒரு ஏஜென்சிக்காரன் இன்பாக்ஸ்ல வந்தான். "உங்க பேஜ் பாத்து எங்க டீமே அழுதுருச்சு ப்ரோ, நாங்க நிறைய குழந்தைங்களுக்கு கோல் ரீச் பண்ணிக் குடுத்திருக்கோம், முன்பணம் ஒரு பைசா வேணாம்"னு. பேச்சு அவ்ளோ பணிவு. ஆஸ்பத்திரி லெட்டர், ஜீன் ரிப்போர்ட், ஃபோட்டோ எல்லாம் கேட்டு வாங்கிக்கிட்டான். ஒரு பிடிஎஃப் அனுப்பினான், நீளமான இங்கிலீஷ், அதுல நடுவுல எங்கயோ "ப்ரமோஷன் செலவு வர்ற நன்கொடைல இருந்து கழிக்கப்படும்"னு ஒரு வரி. எவ்ளோ கழிப்பாங்க, அதுக்கு உச்சவரம்பு என்ன, பில் யாரு காட்டணும், எதுவும் இல்ல. வெளிநாட்டுல இருந்து பணம் வரணும்னா அவங்க டிரஸ்ட் அக்கவுண்ட்டுக்குத்தான் வர முடியும்னு சொல்லி பழைய பேஜ மூடச் சொல்லிட்டு, புதுசா ஒண்ணு அவங்களே ஆரம்பிச்சாங்க. அதோட லாகின் அவங்ககிட்ட மட்டும்.

வீடியோ எடுக்க வந்த அன்னைக்கே எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு. பாப்பா சிரிச்சு விளையாடுறத எடுக்கவே இல்ல. காஃப் அசிஸ்ட் மாஸ்க் வைக்கும்போது எல்லாக் குழந்தையும் அழும், கொஞ்ச நேரம்தான், அப்புறம் அவளே "முடிஞ்சுச்சா"னு கேப்பா. அந்த அழுகைய மட்டும் எடுத்தாங்க. திரும்ப ஒரு தடவ வைக்கச் சொன்னாங்க. அக்கா "எதுக்கு தம்பி, இப்பதான வச்சோம்"னு கேட்டதுக்கு "அக்கா, பாக்குறவங்க மனசு உருகணும்க்கா"ன்னான். என் அக்கா முடியாதுன்னுட்டா. நல்ல வேளை.

விளம்பரம் வந்துச்சு பாருங்க. "மூளை வளர்ச்சி பாதித்த பிஞ்சு, இன்னும் சில நாட்களே, ஒரே ஊசி போட்டால் பிழைத்துவிடுவாள்". மூணும் பொய். மூளைக்கு ஒண்ணும் இல்ல, சில நாள் கணக்கு எந்த டாக்டரும் சொல்லல, அந்த ஊசி அவளுக்குப் போடவே முடியாது. கீழ நேரம் குறைஞ்சுட்டே வர்ற மாதிரி ஒரு கடிகாரம் வேற, அது முடிஞ்சதும் திரும்ப முதல்ல இருந்து ஓடுது!! நான் ஃபோன் பண்ணி "சிரப்புன்னு லெட்டர்லயே இருக்கே, ஏன் ஊசின்னு போட்டிருக்கீங்க"ன்னேன். அவன் சொன்ன பதில் இன்னும் காதுல இருக்கு: "சிரப்புக்கு யாரு ப்ரோ காசு போடுவா? ஊசின்னாதான் ஓடும். மாசா மாசம் குடுங்கன்னா மக்கள் ஸ்க்ரோல் பண்ணிட்டுப் போயிருவாங்க."

இந்த ஒரு பதில்ல மொத்த வியாபாரமும் இருக்கு. சோல்ஜென்ஸ்மா உண்மையான மருந்து, சரியான நேரத்துல கிடைச்ச குழந்தைங்களுக்கு பெரிய மாற்றம் நடந்திருக்கு, அதுக்காக ஜனங்க சேந்து பணம் திரட்டி ஜெயிச்ச குடும்பங்க இருக்கு. அத நான் குறை சொல்லல. ஆனா அந்தக் கதை நல்லா விக்குதுன்னு தெரிஞ்சதும் எல்லாக் குழந்தையையும் அதே கதைக்குள்ள தள்ளுறாங்க. ரெட் சிண்ட்ரோமா இருக்கட்டும், பேட்டன் நோயா இருக்கட்டும் (ரெண்டும் குழந்தைங்களுக்கு வர்ற வேற அரிய மூளை நோய்ங்க), வீடியோல மட்டும் எல்லாத்துக்கும் ஒரே ஊசி. பேட்டன்ல சிஎல்என் 2ங்கிற வகைக்கு 2017ல ஒரு மருந்து வந்துச்சு, அது ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவ மூளைக்குள்ளயே ஏத்துறது. ரெட்டுக்கு 2023ல ட்ரோஃபினெடைட் வந்துச்சு, வாய் வழியா தினமும் ரெண்டு வேளை குடுக்குற மருந்து, அறிகுறிய குறைக்கும், நோய அழிக்காது. நிஜத்துல இந்த மாதிரி நிறைய நோய்க்கு இப்படி இழுத்துட்டுப் போற வைத்தியம்தான், அத சொன்னா ஓடாதாம்.

விளம்பரம் ஓடிச்சு, பணமும் வந்துச்சு, பேஜ்ல நம்பர் ஏறிட்டே போச்சு. ஆஸ்பத்திரிக்கு வந்தது அதுல சின்னத் துண்டு. கேட்டா ப்ரமோஷன் செலவு, தளத்தோட கட்டணம், பேமெண்ட் கேட்வே, வரி, "ரிசர்வ்"னு ஒரு தலைப்பு (அது என்னன்னு இன்னிவரைக்கும் யாரும் விளக்கல). வந்ததுல பாதிக்கு மேல இதுலயே போச்சு. விளம்பரத்துக்கு இவ்ளோ செலவு பண்ணீங்கன்னா ஆட் அக்கவுண்ட் பில்லக் காட்டுங்கன்னு கேட்டோம், "அது கம்பெனி ரகசியம் சார்". பாத்துக்கங்க, ப்ரோ அன்னையோட சார் ஆயிட்டேன்.

இதுல பணத்த விட மோசமானது ரெண்டு. ஒண்ணு, பக்கத்து வீட்டுப் பையன் ஃபோன்ல அந்த வீடியோவ பாப்பாவே பாத்துட்டா. அவளுக்குப் புரியும்னு அவனுங்களுக்குத் தோணவே இல்ல, ஏன்னா அவங்க எழுதுனதுல அவ மூளை வளர்ச்சி இல்லாதவளாச்சே. "மாமா, சில நாள்னா எத்தன நாள்?"னு என்கிட்ட கேட்டா. ரெண்டாவது, விஷயம் தெரிஞ்ச ஒருத்தர், அவரு வீட்லயும் எஸ்எம்ஏ குழந்தை இருக்கு, கமெண்ட்ல "இந்த வயசுக்கும் ரிப்போர்ட்டுக்கும் இது ஒத்துவரல, ஃபேக் மாதிரி இருக்கு"னு போட்டாரு. அவரு சொன்னது நியாயம்தான். ஆனா அதுக்கு அப்புறம் திட்டு எல்லாம் அக்காவுக்கு. குழந்தைய வச்சு பிச்சை எடுக்குறாங்கன்னு எழுதுனாங்க. முதல்ல மாசா மாசம் அனுப்பிட்டு இருந்த ஆளுங்க பாதிப் பேர் நிறுத்திட்டாங்க. பொய்ய வச்சு அவன் சம்பாதிச்சான், அது பொய்யின்னு தெரிஞ்சதும் நிஜம் சொன்னவங்களுக்கு வந்துட்டு இருந்ததும் நின்னு போச்சு.

அந்தப் பேஜ தளத்துக்காரங்க எங்க புகார்ல முடக்கினாங்க. அப்புறம் ரிவர்ஸ் இமேஜ் சர்ச் போட்டுப் பாத்தா அதே வீடியோ, வேற பேரு, வேற மொழில குரல், வேற கியூஆர் கோடு. ரிப்போர்ட் அடிச்சா போகுது, திரும்ப முளைக்குது.

அவங்க விளம்பரத்துல அத்தான் நம்பர அப்படியே போட்டதால வந்த கால்களப் பத்தி தனியா எழுதணும். "ஸ்டெம் செல் போட்டா நடப்பா, எங்க சென்டர்ல வாங்க"ன்னு வந்தது மட்டும் எத்தனையோ. ஸ்டெம் செல்னா வேற வகை செல்லா மாறி வளரக்கூடிய ஆரம்ப செல். எஸ்எம்ஏவுக்கு நிரூபிச்ச ஸ்டெம் செல் வைத்தியம் எதுவும் கிடையாது. சும்மா போட்டுப் பாத்தா என்னங்கிறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். அட்டாக்சியா டெலாஞ்சியெக்டேசியான்னு இன்னொரு அரிய நரம்பு நோய் இருந்த ஒரு பையனுக்கு மாஸ்கோவுல கருவுல இருந்து எடுத்த நரம்பு ஸ்டெம் செல் செலுத்தி, சில வருஷம் கழிச்சு மூளைலயும் முதுகுத்தண்டுலயும் கட்டி வந்து, அது செலுத்துன செல்லுல இருந்துதான் வளந்துச்சுன்னு 2009ல மருத்துவ இதழ்லயே வந்திருக்கு. இன்னொரு கால், கம்பெனி குலுக்கல்ல இலவச டோஸ் வாங்கித் தர்றோம், பதிவுக் கட்டணம் கட்டுங்கன்னு. சோல்ஜென்ஸ்மா தயாரிக்கிற நோவார்ட்டிஸ் கம்பெனி 2020க்கு 100 டோஸ் வரைக்கும் இலவசமா குலுக்கல்ல தர்றதா அறிவிச்சது நிஜம், அது சரியான முறையான்னு பெற்றோர் அமைப்புங்க சண்டை போட்டதும் நிஜம். ஆனா அதுக்கெல்லாம் டாக்டர் மூலமாத்தான் போகணும், நடுவுல கட்டணம் வாங்குறவன் திருடன்.

இதே நிலைமைல இருக்குற பெற்றோருக்கு நான் சொல்றது, பேஜோட லாகினும் பணம் எடுக்குற அக்கவுண்ட்டும் உங்க கைய விட்டுப் போகக் கூடாது, முடிஞ்சா பணம் நேரா ஆஸ்பத்திரி அக்கவுண்ட்டுக்கே போற மாதிரி வைங்க. யாராவது ப்ரமோஷன் பண்றேன்னா, எவ்ளோ சதவீதம்னு எழுத்துல வாங்குங்க, விளம்பர வாசகம் வெளிய போறதுக்கு முன்னாடி நீங்க ஓகே பண்ணணும்னு எழுத்துல வாங்குங்க, ஃபோட்டோ வீடியோவ நீங்க சொன்னா எடுத்துடணும்னும் எழுதி வாங்குங்க. இதுல ஒண்ணுக்கு முகம் சுளிச்சாலும் அனுப்பிடுங்க. வேற மருந்து ஆரம்பிச்சா அன்னைக்கே பேஜ்ல மாத்துங்க. டாக்டர்கிட்ட கேட்டு மருந்து கம்பெனியோட உதவித் திட்டம் இருக்கான்னு முதல்ல பாருங்க, நோயாளி அமைப்புகள்ல பழைய பெற்றோர் இருப்பாங்க, எந்த ஏஜென்சி எப்படின்னு அவங்களுக்கு அத்துப்படி.

குடுக்குறவங்க லெட்டர்ல தேதி இருக்கா, மருந்து பேரு இருக்கா, அந்தப் பேரும் வீடியோல சொல்றதும் ஒண்ணான்னு பாருங்க. ஆஸ்பத்திரியோட பொது நம்பர நீங்களே தேடி எடுத்து கூப்பிட்டுக் கேளுங்க, போஸ்டர்ல இருக்குற நம்பர்ல கேக்காதீங்க. நோயாளி விவரத்த அவங்க சொல்ல மாட்டாங்க, ஆனா இந்த லெட்டரும் இந்த அக்கவுண்ட்டும் உங்களுதான்னு கேட்டா பதில் வரும். விழிப்புணர்வுன்னு பணம் வாங்குற அமைப்புன்னா கணக்கு கேளுங்க, கேக்குறதுல தப்பே இல்ல. 2014ல அந்த ஐஸ் பக்கெட் கூத்து ஞாபகம் இருக்கா, ஏஎல்எஸ்ங்கிற நரம்பு நோய்க்காக தலைல தண்ணி ஊத்திக்கிட்டது, அதுல அமெரிக்க ஏஎல்எஸ் சங்கத்துக்கு 11.5 கோடி டாலர் வந்துச்சு, எதுக்கு எவ்ளோ போச்சுன்னு அவங்க வெளியிட்டாங்க, 2016ல அந்தப் பணத்துல நடந்த ஆராய்ச்சில என்இகே 1னு ஒரு ஜீனுக்கும் ஏஎல்எஸ்ஸுக்கும் இருக்குற சம்பந்தத்த கண்டுபிடிச்சாங்க. அவ்ளோ பெரிய தொகைக்கே கணக்கு சொல்ல முடியும்னா, ஒரு குழந்தை பேஜுக்கு "கம்பெனி ரகசியம்"னு சொல்றவன நம்பாதீங்க.

மாஸ்க் வச்சு அழுற குழந்தை, "பிஞ்சு"ன்னு ஆரம்பிக்கிற வாசகம், திரும்பத் திரும்ப ஓடுற கடிகாரம், இப்படி வீடியோ உங்களுக்கு வந்தா ஷேர் பண்ணாதீங்க, பாவம்னு கமெண்ட் கூட போடாதீங்க, அதுவே இன்னும் பத்து பேருக்கு கொண்டு போயிடும். ரிப்போர்ட் அடிச்சுட்டு லிங்க்கையும் கியூஆர் கோடு ஸ்கிரீன்ஷாட்டையும் எடுத்து வைங்க. ஏற்கனவே பணம் போட்டவங்க ரசீத அழிக்காதீங்க, கார்டுல போட்டிருந்தா பேங்க்ல டிஸ்பியூட் போட காலக்கெடு இருக்கும், உடனே போடுங்க, தளத்துக்கும் எழுத்துல புகார் குடுங்க. எங்க புகாரோட சேக்க வேற குடும்பங்களோட விவரமும் தேவைப்படுது, இதே மாதிரி உங்களுக்கு நடந்திருந்தா எனக்கு தனி மெசேஜ் பண்ணுங்க, குழந்தை ஃபோட்டோ மட்டும் அனுப்பாதீங்க.