மன அழுத்தம் காட்டும் கைக்கடிகாரம்: நான்கு மாதங்கள் பயன்படுத்திய பிறகு

இணைய விளையாட்டிலிருந்து எழ முடியாமல் தவித்த என் 17 வயது மகனுக்காக, கோலாலம்பூரின் லோயாட் பிளாசா வணிக வளாகத்தில் 400 ரிங்கிட்டுக்குச் சற்றுக் குறைந்த விலையில் ஒரு ஸ்மார்ட் வாட்ச் வாங்கினேன். இதயத்துடிப்பையும் உறக்கத்தையும் பதிவு செய்வதோடு, மன அழுத்தத்தை 0 முதல் 100 வரையிலான ஓர் எண்ணாகவும் அது காட்டும். "பையனுக்கு ஸ்ட்ரெஸ் ஏறினா உடனே தெரிஞ்சிடும் அக்கா" என்றார் விற்றவர். அவர் சொன்னது பாதி உண்மை. குறைகளையும் எழுத வேண்டியிருப்பதால் தயாரிப்பு நிறுவனத்தின் பெயரையும் கடையின் பெயரையும் தவிர்த்துவிட்டேன்.

முதலில், இக்கடிகாரம் எதை அளக்கிறது என்பதைப் பார்ப்போம். அடிப்புறத்தில் உள்ள பச்சை விளக்கு தோலுக்குள் ஒளியைச் செலுத்தி, ஒவ்வொரு துடிப்பின்போதும் இரத்தத்தின் அளவு மாறுவதைக் கண்டு, ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடையிலான நேரத்தைக் கணக்கிடுகிறது. ஓய்வாக இருக்கும் உடலில் இந்த இடைவெளி ஒரே சீராக இருப்பதில்லை. மூச்சை இழுக்கும்போது சுருங்கி, விடும்போது நீளும். உடல் நெருக்கடிக்குத் தயாராகும்போது அந்த ஏற்ற இறக்கம் குறைந்துவிடுகிறது. கடிகாரம் காட்டும் எண்ணுக்கு அடிப்படை இதுதான். ஆகவே மாடிப்படி ஏறினாலும், காய்ச்சல் வந்தாலும், கெட்டியான கோப்பி ஓ (பால் சேர்க்காத காப்பி) ஒன்று குடித்தாலும் எண் உயரக்கூடும். மன அழுத்தத்தோடு நாம் சேர்த்துப் பேசும் கார்ட்டிசோல் என்ற சுரப்பை இது அளப்பதே இல்லை. மூளையின் ஹைப்போதலாமசிலிருந்து பிட்யூட்டரி வழியாகச் சிறுநீரகங்களின் மேல் உள்ள அட்ரினல் சுரப்பிகளுக்குக் கட்டளை சென்று, நெருக்கடி தொடங்கி ஏறத்தாழ 20 முதல் 30 நிமிடங்கள் கழித்தே கார்ட்டிசோல் உச்சத்தைத் தொடுகிறது. ஆய்வாளர்கள் அதைப் பெரும்பாலும் உமிழ்நீரில் சோதிப்பார்கள்.

இத்தனை வரம்புகள் இருந்தும், ஓர் இடத்தில் இக்கடிகாரம் எங்கள் வீட்டுக்குப் பெரிய உதவி செய்தது. இரவு பத்தரை மணிக்குக் கணினியை அணைக்க வேண்டும் என்பது எங்களுக்குள் இருந்த ஏற்பாடு. அணைத்தபின் நடக்கும் சண்டையைச் செந்தூலில் எங்கள் மாடி முழுவதும் கேட்டிருக்கும். அதை வெறும் திமிர் என்றே பல மாதங்கள் நான் நினைத்திருந்தேன். ஆனால் விளையாட்டு முடிந்து அவன் கட்டிலில் அசையாமல் படுத்திருந்த வேளையிலும் எண் இறங்காமல், பல இரவுகளில் விளையாடியபோது இருந்ததைவிட மேலே போய், அரை மணி நேரத்துக்கும் மேல் அங்கேயே நின்றதைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. பிரிட்டனின் சுவான்சி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 18 முதல் 33 வயது வரையிலான 144 பேரிடம் நடத்தி 2017இல் வெளியிட்ட ஆய்வில், இணையத்தை அளவு மீறிப் பயன்படுத்துவதாகக் கூறியவர்களுக்கு, இணையத்தை விட்டு எழுந்ததும் இதயத்துடிப்பும் இரத்த அழுத்தமும் சராசரியாக 3 முதல் 4 விழுக்காடு உயர்ந்தன; மற்றவர்களிடம் அந்த மாற்றம் காணப்படவில்லை. உடலுக்கு ஆபத்து தரும் உயர்வன்று அது. ஆயினும் மகனின் கோபத்துக்கு அடியில் உடலும் தவித்துக்கொண்டிருக்கிறது என்று அறிந்த பிறகு, அந்த அரை மணி நேரத்தில் நான் அவனிடம் எதையும் பேசுவதில்லை. அவன் குளித்துவிட்டு வரட்டும் என்று விட்டுவிடுகிறேன்.

இதே கடிகாரம் என்னை ஏமாற்றிய இடமும் உண்டு, பெற்றோர்கள் கவனிக்க வேண்டியது அதைத்தான். மலாய்மொழி வாய்மொழித் தேர்வு நாளன்று, மன அழுத்த எண்ணின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் அவனுடைய கோடு காலை முதல் தாழ்வாகவே இருந்தது. அமைதியாகப் பேசிவிட்டு வந்திருக்கிறான் என்று மகிழ்ந்தேன். மாலையில் அவன், "உள்ளுக்குள்ள செத்தே போயிட்டேம்மா" என்றான். கோடு தாழ்ந்திருந்தால் மனம் அமைதியாக இருக்கிறது என்று பொருளாகாது. ஜெர்மனியின் டிரியர் பல்கலைக்கழகத்தில் 1993இல் வகுக்கப்பட்ட சோதனை ஒன்று உண்டு: நடுவர்கள் முன் ஐந்து நிமிடம் பேச வேண்டும், பிறகு 1022இலிருந்து 13 ஐத் தொடர்ந்து கழித்துக்கொண்டே வர வேண்டும். இணைய விளையாட்டுப் பழக்கத்தில் சிக்கிய இளைஞர்களுக்கு அச்சோதனையை வைத்து 2017இல் வெளியான ஒரு ஜெர்மானிய ஆய்வில், அவர்களுடைய கார்ட்டிசோல் மற்றவர்களுக்கு உயர்ந்த அளவுக்கு உயரவில்லை. மனத்தளவிலோ அவர்களே கூடுதலாக வாடினார்கள். ஓயாமல் தூண்டப்பட்ட உடல் நாளடைவில் மந்தமாகிவிடுகிறதா, அல்லது இயல்பிலேயே அப்படிப்பட்டவர்கள்தான் திரையிடம் அடைக்கலம் தேடுகிறார்களா என்பதை இத்தகைய ஆய்வுகளைக் கொண்டு பிரித்தறிய இயலாது. என் மகனின் மணிக்கட்டில் பதிவான ஒரு நாள் கோடும் எதையும் நிரூபிக்கவில்லை. பிள்ளையிடம் வாய்விட்டுக் கேட்பதற்குப் பதிலாகக் கோட்டைப் பார்த்தது என் தவறு.

குறைகளில் முதன்மையானது கடிகாரத்தோடு இணைந்த கைப்பேசிச் செயலி. பதிவுகளைக் காண கைப்பேசியைத் திறந்தே ஆக வேண்டும். திறந்தால் பதக்கங்களும், தொடர் நாள் கணக்கும், நண்பர்களோடு போட்டியிடும் அழைப்புகளும் வந்து நிற்கின்றன. திரையை விட்டு விலக முயலும் ஒருவனுக்கு இவற்றைக் கொடுப்பது பொறுப்பற்ற வடிவமைப்பு என்றே கருதுகிறேன். அறிவிப்புகள் அனைத்தையும் ஒவ்வொன்றாக அணைக்க எனக்கு ஒரு மாலைப்பொழுது ஆனது. எண்ணைப் பார்த்துப் பார்த்து அவனுக்குப் பதற்றம் கூடியதால், இரண்டாம் மாதத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் இருவரும் சேர்ந்து பார்க்கிறோம். ரப்பர் பட்டை நம் ஊர் வெயிலுக்கு ஒத்துவரவில்லை. துணிப்பட்டை மாற்றிய பிறகு அரிப்பு நின்றது. மின்கலம் ஐந்து நாள் தாங்குகிறது.

மீண்டும் வாங்குவேனா என்றால், உறக்கப் பதிவுக்காக வாங்குவேன். படுத்த நேரம், எழுந்த நேரம், இரவின் இதயத்துடிப்பு ஆகிய மூன்றையும் அச்சிட்டு எடுத்துச் சென்றபோது, மனநல ஆலோசகர் மன அழுத்த எண்ணை ஒதுக்கிவிட்டு அந்தத் தாளை வைத்துத்தான் மகனிடம் பேச்சைத் தொடங்கினார். ஆலோசனைக்கு வழி தெரியாதவர்கள் கடிகாரத்துக்குப் பணம் செலவிடுவதற்கு முன், மலேசியச் சுகாதார அமைச்சின் 15555 என்ற மனநல உதவி எண்ணை அழைக்கலாம். வாங்குவதென்று முடிவு செய்தால் பிள்ளையைக் கேட்டுவிட்டு வாங்குங்கள். என் மகன் சம்மதித்தபோது விதித்த ஒரே நிபந்தனை, அவன் இல்லாதபோது நான் அந்தச் செயலியைத் திறக்கக் கூடாது என்பது.